காணாமல் போன ரைடுகளைத் தேடுவது எப்படி? மதுரையிலிருந்து ஆர்லாண்டோ போகிறவர்களுக்கு

மகனோ மகளோ அமெரிக்காவில் வேலை பார்த்தால், மதுரையில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் பேரப்பிள்ளைகளோடு ஆர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டு போகும் நாள் என்றைக்காவது வந்தே தீரும். டிக்கெட் விலையைக் கேட்டதும் மனசு தானாக ரூபாயில் பெருக்கிப் பார்க்கும். உள்ளே போனபிறகோ, பாதி நாள் வரிசையில் நிற்பதிலேயே கழியும். அந்த நேரத்தை உருப்படியாக்க ஒரு வழி இருக்கிறது. முதல் தடவை போகிறவர்களுக்காக அதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

டிஸ்னி, யுனிவர்சல் போன்ற பூங்காக்களில் பழைய ரைடை எடுத்துவிட்டுப் புதியதைக் கட்டும்போது, கட்டுகிறவர்கள் பழையதின் நினைவாக எதையாவது ஒரு மூலையில் வைத்துவிடுவார்கள். சுவரில் சின்னதாக ஒரு படம், மேட்டில் ஒரு சிலை, பாறையில் ஒரு செதுக்கல். பலகை வைக்க மாட்டார்கள், அம்புக்குறியும் போட மாட்டார்கள். டிஸ்னியில் ரைடுகளை வடிவமைக்கிறவர்களுக்கு இமேஜினியர்கள் என்று பெயர். தங்களுக்கு முன்னால் அதே இடத்தில் உழைத்தவர்களுக்கு அவர்கள் சத்தமில்லாமல் செய்யும் மரியாதை இது.

இதில் ஒரே ஒரு நிபந்தனை. போனது என்ன என்று தெரியாமல் அதன் சுவட்டைத் தேடினால் ஒரு சுகமும் இல்லை. இருட்டில் ஒரு படத்தைக் காட்டி நான் குதித்தபோது என் மதினி கேட்டார்: "ஏன் தம்பி, இம்புட்டுக் காசு குடுத்து ஏழு கடல் தாண்டி வந்தது இந்தத் தேரையப் பாக்கவா?" அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தத் தேரையின் கதை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கதை கேட்ட பிறகு அடுத்த ரைடில் அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். அதனால் நான் சொல்லும் படிகளில் பாதி, விமானம் ஏறும் முன்பே முடிய வேண்டியவை.

முதல் படி: ஊரிலேயே கண்ணைப் பழக்குங்கள்

இதற்கு ஒரு காலைப்பொழுது போதும். வெயில் ஏறும் முன் கிளம்பிவிடுங்கள். பெரியார் பஸ் ஸ்டாண்டை ஒட்டி, பழைய மதுரைக் கோட்டையின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. தினம் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தாண்டிப் போகிறார்கள். நாயக்கர் காலத்துக் கோட்டை அது. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், ஊர் நெருக்கமாகிவிட்டது என்று மதில்களை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். அந்த வேலையை நடத்திய மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரும் அந்த இடத்தில் எழுந்த வீதிகளுக்கே போய்ச் சேர்ந்தன. மாரட் வீதியில் சாமான் வாங்குகிறவர் நிற்கும் இடம் ஒரு காலத்தில் கோட்டையின் ஓரம். பிளாக்பர்னுக்கு நினைவுச்சின்னமாக வைத்ததுதான் விளக்குத்தூண்.

அப்படியே விளக்குத்தூண் பக்கம் நடந்து பத்துத் தூண் சந்துக்குள் நுழையுங்கள். இரண்டு பக்கமும் ஜவுளிக் கடைகள். தலைக்கு மேலே லுங்கியும் துண்டும் நைட்டியும் தொங்கும். அவற்றை விலக்கி அண்ணாந்து பார்த்தால், கடைகளை மீறி எழுந்து நிற்கும் பிரமாண்டமான கல் தூண்கள் தெரியும். மேலே கூரை கிடையாது, தாங்குவதற்கு எதுவுமே கிடையாது. திருமலை நாயக்கர் அரண்மனையோடு சேர்ந்திருந்த ஒரு கட்டடத்தில் எஞ்சியவை இவை மட்டும்தான். 1636-ல் கட்டிய அரண்மனையில் இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது கால்வாசிதான் என்பார்கள். திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கர், தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்ததைப் பெயர்த்துக்கொண்டு போனார். தூண்கள் இங்கேயே தங்கிவிட்டன. கீழே பேரம் பேசுகிற சத்தத்தில் அவற்றை யாரும் கண்டுகொள்வதில்லை. கழுத்தை நிமிர்த்தாதவனுக்கு ஒன்றும் கிடைக்காது என்ற பாடத்தை இங்கேயே படித்துவிடலாம். ஆர்லாண்டோவில் அது நிறையவே உதவும்.

மகால் பக்கத்திலேயே நவபத்கானா தெரு இருக்கிறது. அரண்மனையில் வேளைக்கு வேளை நகரா முதலான வாத்தியங்கள் முழங்கிய மண்டபம் நவபத்கானா. வாத்தியமும் போய், வாசித்தவர்களும் போய், பெயர் மட்டும் தெருப்பலகையில் இருக்கிறது.

நேரம் இருந்தால் தமுக்கம் வரை போங்கள். நம் கட்டுரைக்கு மிக நெருக்கமான இடம் அதுதான். இன்று காந்தி அருங்காட்சியகம் இருக்கும் கட்டடம் ராணி மங்கம்மாள் காலத்துக் கோடை மாளிகை. அதன் எதிரே இருந்த திடலில் நடக்கும் யானைச் சண்டையையும் மற்ற வேடிக்கைகளையும் அரச குடும்பம் அங்கிருந்து பார்த்தது. யானைகள் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் பல ஆண்டுகளாகச் சித்திரைத் திருவிழாவை ஒட்டிப் பொருட்காட்சி போட்டதும், ராட்டினம் சுற்றியதும், ஊரே டெல்லி அப்பளம் தின்றதும் அதே தமுக்கத்தில்தான். வேடிக்கை மாறியது, வேடிக்கை பார்க்கும் இடம் மாறவில்லை. டிஸ்னியிலும் பல இடங்களில் இதே சங்கதிதான்: ரைடு போகும், கட்டடம் அப்படியே இருக்கும்.

சுவடே இல்லாமல் போனவையும் உண்டு. மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் இருந்த தங்கம் தியேட்டர், 1952-ல் 'பராசக்தி'யோடு திறந்தது. 2,500-க்கு மேல் இருக்கைகள்; ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் மார்தட்டிக்கொண்ட அரங்கு. இன்று அந்த இடத்தில் ஜவுளிக்கடை. உள்ளே போய்ப் புடவை எடுக்கிறவர்களுக்கு அங்கே திரை இருந்ததைச் சொல்ல ஒரு சின்னப் படம்கூட இல்லை. வீட்டில் இருக்கும் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். கேளுங்கள், எந்தப் படத்துக்கு எந்த வகுப்பில் உட்கார்ந்தார் என்பது வரை சொல்வார்கள்.

ஒரு வித்தியாசத்தையும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். நம்மூரில் இருப்பவை தப்பிப் பிழைத்தவை. யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை. ஆர்லாண்டோவில் இருப்பவை வேண்டுமென்றே வைத்தவை. அதனால் அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கும். எந்த இடத்தில் எது இருந்தது என்று தெரிந்தால், எங்கே தேட வேண்டும் என்பதும் பாதி தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: போனவர்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்

மூடப்பட்ட ரைடுகளின் பழைய வீடியோக்கள் யூட்யூபில் நிறையக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க உட்கார்ந்தால் விசா முடிந்துவிடும். முதல் பயணத்துக்கு நான்கு போதும்.

மிஸ்டர் டோட்: டிஸ்னி வேர்ல்டுக்குள் இருக்கும் மேஜிக் கிங்டம் பூங்காவில் 1971-ல் திறந்த நாளிலிருந்து 1998 செப்டம்பர் வரை ஓடியது. கார் பைத்தியம் பிடித்த ஒரு தேரையின் கதை. சின்னக் காரில் ஏறி உட்கார்ந்தால் கதவு, சுவர், நீதிமன்றம் என்று எல்லாவற்றிலும் முட்டி மோதி, கடைசியில் ரயிலில் அடிபட்டு நேரே நரகத்துக்குப் போவோம். குழந்தைகள் ரைடுக்கு இப்படி ஒரு முடிவு வைக்க அந்தக் காலத்தில் துணிச்சல் இருந்திருக்கிறது.

20,000 லீக்ஸ்: அதே பூங்காவில் 1971 முதல் 1994 வரை ஓடிய நீர்மூழ்கிப் பயணம். நாட்டிலஸ் என்ற அந்தக் கப்பல் உண்மையில் முங்கவே இல்லை. தண்ணீருக்கடியில் போட்ட தண்டவாளத்தில் ஓடியது. உட்கார்ந்தவரின் ஜன்னல் மட்டும் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. கப்பலின் முதுகில் முள்வரிசை இருக்கும். அந்த வடிவத்தை மனதில் வையுங்கள்.

ஸ்னோ வைட்: இதுவும் மேஜிக் கிங்டம்தான். 2012 மே 31-ல் மூடினார்கள். குள்ளர்கள், சூனியக்காரி, இருட்டுக் காடு.

ஹொரைசன்ஸ்: டிஸ்னி வேர்ல்டின் இன்னொரு பூங்காவான எப்காட்டில் 1983-ல் திறந்து 1999-ல் மூடப்பட்டது. எதிர்காலத்தில் மனிதன் பாலைவனத்திலும் கடலடியிலும் விண்வெளியிலும் எப்படி வாழ்வான் என்று காட்டியது. பாலைவனப் பண்ணைக் காட்சியில் ஆரஞ்சுப்பழ வாசனை வரும். அதில் போனவர்கள் இன்றும் எழுதுவது அந்த வாசனையைப் பற்றித்தான். வீடியோவில் வாசனை வராது, என்ன செய்ய. இந்த ரைடின் முத்திரையைப் படமாகத் தேடி ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் பின்னால் சொல்லும் இடத்தில் நின்றாலும் பயனில்லை.

பேரப்பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துப் பாருங்கள். தாத்தா பாட்டிக்குத் தெரிந்த ரகசியம் என்றால் அவர்களுக்குத் தனி உற்சாகம்.

மூன்றாம் படி: எங்கே பார்ப்பது

ரைடில் உட்கார்ந்ததும் எல்லார் கண்ணும் நேர் எதிரே போகும். வடிவமைத்தவர்களுக்கு அது தெரியும். அதனால்தான் ஒளித்து வைப்பது பக்கச் சுவரிலும் தரையிலும் தலைக்கு மேலும் முதுகுக்குப் பின்னாலும். அப்புறம், ரைடுக்குள் மட்டும் தேடாதீர்கள். காத்திருக்கும் வரிசையில் பாதி இருக்கும். வெளியே வரும் பாதையிலும் இருக்கும். அங்கே எல்லாரும் அடுத்த ரைடுக்கு ஓடுகிற அவசரத்தில் இருப்பார்கள்.

ஒரு வண்டியில் இருவர் உட்கார்ந்தால் ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நீங்கள், வலப்பக்கம் நான் என்று ஏறும் முன்பே பேசிவிட வேண்டும். ஏறிய பிறகு பேசினால் தாண்டிவிடும்.

நான்காம் படி: மேஜிக் கிங்டமில் தேரையிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது தேரைதான். கதையும் நல்ல கதை, கண்டுபிடிப்பதும் எளிது.

மிஸ்டர் டோட் ரைடை மூடப்போகிறார்கள் என்று 1997-ல் செய்தி கசிந்ததும் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட் போட்டுக்கொண்டு பூங்காவுக்குள்ளேயே கூடிப் போராடினார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போய் எதிர்ப்புத் தெரிவித்த கூட்டம்! பலிக்கவில்லை. மறு வருடம் மூடி, 1999-ல் அதே கட்டடத்தில் கதைப்புத்தகக் கரடி வின்னியின் ரைடைத் திறந்தார்கள்.

இப்போது அந்த ரைடில் ஏறுங்கள். தேன்பானை வடிவ வண்டி. காற்றடிக்கும் காட்சி முடிந்து ஆந்தையின் வீட்டுக்குள் நுழைவோம். வீடே காற்றில் சரிந்து கிடக்கும், மேசை நாற்காலி எல்லாம் கோணலாக இருக்கும். எல்லாரும் ஆந்தையைப் பார்ப்பார்கள். நீங்கள் உடனே இடப்பக்கச் சுவரைப் பாருங்கள். சட்டமிட்ட ஒரு படம். அதில் மிஸ்டர் டோட் நின்றுகொண்டு, ஆந்தையின் கையில் வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கிறார். சார்பதிவாளர் ஆபீஸில் கிரயம் முடித்துவிட்டு வாசலில் போட்டோ எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும். "இடம் இனி உன்னது" என்று முறையாக எழுதிக் கொடுத்துவிட்டார். அதே வீட்டில் வலப்பக்கம், கீழே தரையோரமாக இன்னொரு படம் இருக்கும். அதில் டோடின் நண்பன் மோல், வின்னிக்கு மரியாதை செய்கிறான். இரண்டையும் ஒரே சுற்றில் பிடிப்பது கஷ்டம். இதற்குத்தான் பக்கம் பிரிக்கச் சொன்னேன்.

தேரைக்கு அதோடு முடியவில்லை. ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகை ரைடில் போய்விட்டு வெளியே வந்தால், செல்லப் பிராணிகளின் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கும். நாய், பூனை, பன்றி என்று சின்னச் சின்னச் சிலைகள். பின்வரிசையில் மூலையில் ஒரு தேரைச் சிலை நிற்கும். அதுவும் நம் ஆள்தான். பத்திரத்தை எழுதிக் கொடுத்தவருக்கு இங்கே அடக்கமும் நடந்துவிட்டது. ஒரு ரைடு செத்ததற்கு அதே பூங்காவில் சமாதி கட்டியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம். வெளியே வருகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார்கள். ஓரமாக ஒதுங்கி நின்று தேடுங்கள்.

அடுத்து நாட்டிலஸ். 2012 டிசம்பரில் திறந்த கடற்கன்னி ரைடின் வரிசை பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். வெளிப்புறப் பாறைச் சுவரில் ஓர் இடத்தில், முள்வரிசை முதுகோடு நாட்டிலஸ் கப்பலின் வடிவத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். பாறையின் நிறத்திலேயே இருப்பதால் சாதாரணப் புடைப்பு என்றுதான் தோன்றும். அந்தக் காலத்தில் நீர்மூழ்கிகள் ஓடிய குளம் இந்தப் பகுதியில்தான் இருந்தது. தண்ணீரை வடித்துத் தூர்த்து, பல வருடம் கழித்து இதையெல்லாம் கட்டினார்கள்.

ஸ்னோ வைட்டைத் தேட, ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலில் ஏற வேண்டும். 2014-ல் திறந்தது. ஓர் ஏற்றத்தில் தலைக்கு மேலே இரண்டு கழுகுகள் உட்கார்ந்து நம்மை முறைக்கும். அவை பழைய ரைடிலிருந்து வந்தவை. சவாரி முடியப்போகும் நேரத்தில் வேகம் குறைந்து, ஒரு குடிசையைக் கடப்போம். ஜன்னல் வழியே பாருங்கள்: உள்ளே ஸ்னோ வைட்டோடு ஆடிப் பாடுகிற குள்ளர்களில் ஐந்து பேர் பழைய ரைடின் அதே பொம்மைகள். புது ரைடுக்குப் புதுக் குள்ளர்களைச் செய்தவர்கள், பழையவர்களை வேலையை விட்டுத் தூக்காமல் வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். குடிசைக்கு வெளியே சூனியக்காரியும் நிற்பாள்.

இந்த ரயிலில் ஏறுகிறவரின் உயரம் குறைந்தது 38 அங்குலம், அதாவது 97 செ.மீ. இருக்க வேண்டும். கொஞ்சம் ஆட்டம் உண்டு. வின்னி, பேய் மாளிகை, கடற்கன்னி மூன்றுக்கும் உயரக் கட்டுப்பாடு இல்லை, மூட்டுவலிக்காரர்களும் போகலாம்.

ஐந்தாம் படி: எப்காட்

ஹொரைசன்ஸ் கட்டடத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் 2003-ல் திறந்தது மிஷன் ஸ்பேஸ். விண்வெளிப் பயிற்சி மாதிரி ஒரு ரைடு. வரிசையில் போகும்போது பெரிய கூடம் ஒன்று வரும், அதில் பிரமாண்டமான சக்கரம் ஒன்று நிற்கும். அந்தச் சக்கரத்தின் நடுக் குடத்தைப் பாருங்கள். ஹொரைசன்ஸின் முத்திரை அங்கே இருக்கிறது. முன்பே படத்தைப் பார்த்து வரச் சொன்னது இதற்காகத்தான். தெரியாதவருக்கு அது ஏதோ அலங்காரம்.

ஆரஞ்சு நிறப் பிரிவு ரைடு வேகமாகச் சுற்றும். தலைசுற்றல், ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் அதன் பக்கம் போகவே வேண்டாம். பச்சைப் பிரிவு சுற்றாது. அதுவும் வேண்டாம் என்றால், ஏறும் இடத்தில் ஊழியரிடம் சொன்னால் வெளியே போக வழி காட்டுவார்கள். சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நார்வே பகுதியில் இருக்கும், ஃப்ரோசன் என்ற கார்ட்டூன் படத்தின் படகு ரைடும் கவனிக்க வேண்டியது. அங்கே 1988 முதல் 2014 வரை மேல்ஸ்ட்ராம் என்ற படகுப் பயணம் இருந்தது. 2016-ல் ஃப்ரோசன் கதையோடு திறந்தபோது படகும் அதே, நீர்ப்பாதையும் அதே. நடுவில் படகு பின்னோக்கிப் போகும் இடம் வரும். அந்தப் பின்னோட்டமும் பழைய ரைடின் சொத்து. இங்கே எதையும் தேட வேண்டியதில்லை, சுவட்டிலேயேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

ஆறாம் படி: நாளை எப்படித் திட்டமிடுவது

லைட்னிங் லேன் என்று காசு கட்டி வரிசையைத் தாண்டிப் போகும் வசதி உண்டு. பிள்ளைகள் ஆசையாக வாங்கித் தருவார்கள். ஆனால் அந்தக் குறுக்கு வழியில் போனால் வரிசையில் வைத்திருக்கும் காட்சிகளில் பலவற்றைத் தவற விடுவீர்கள். அதனால் கடற்கன்னி, மிஷன் ஸ்பேஸ் இரண்டுக்கும் சாதாரண வரிசையிலேயே நில்லுங்கள். சுரங்க ரயிலில் பார்க்க வேண்டியவை ரைடுக்குள் இருப்பதால் அதற்குக் காசு கட்டினால் நஷ்டமில்லை. எந்த ரைடில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது டிஸ்னியின் போன் செயலியில் தெரியும்.

ஜூன், ஜூலையில் ஆர்லாண்டோ வெயில் மதுரைக்காரருக்குப் பெரிய விஷயமில்லை. ஆளைப் படுத்துவது புழுக்கமும் பிற்பகல் இடிமழையும்தான். மழை வந்தால் வெளிப்புற ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ஆகவே சுரங்க ரயிலைக் காலையில் முடித்துவிட்டு, வின்னியையும் பேய் மாளிகையையும் பிற்பகலுக்கு வையுங்கள்.

வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுபோகத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், தயங்க வேண்டாம். உணவுக் கவுன்டர்களில் கேட்டால் குடிதண்ணீர் ஒரு கோப்பை சும்மாவே தருவார்கள்.

இருட்டு ரைடுகளில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது. ஆந்தை வீட்டுப் படத்தை ஃபிளாஷ் போட்டு எடுத்தால் ஊழியரும் முறைப்பார், கூட வருகிறவர்களும் முறைப்பார்கள். படமும் உருப்படியாக வராது. கண்ணால் பாருங்கள், போதும்.

கலிபோர்னியா பக்கம் பிள்ளைகள் இருந்தால்

அனஹைமில் இருக்கும் டிஸ்னிலேண்டு இன்னும் பழையது, 1955-ல் திறந்தது. அங்கேயும் வின்னி ரைடு உண்டு, ஆனால் அது தின்ற ரைடு வேறு. கரடிகள் பாட்டுப்பாடும் கன்ட்ரி பேர் அரங்கை 2001-ல் மூடி, 2003-ல் வின்னியைக் கொண்டுவந்தார்கள். பழைய அரங்கின் சுவரில் மான், எருமை, மூஸ் என்று மூன்று தலைகள் மாட்டியிருக்கும். மேக்ஸ், பஃப், மெல்வின் என்று பெயர். கரடிகளோடு சேர்ந்து அவையும் பேசும். இப்போது அவை வின்னி ரைடுக்குள் இருக்கின்றன. கனவுக் காட்சியைத் தாண்டி அடுத்த அறைக்குள் நுழைந்ததும், வண்டியில் உட்கார்ந்தபடியே முழுசாகத் திரும்பிப் பின்பக்கம் மேலே பாருங்கள். வந்த வழிக்கு மேலே மூன்றும் இருக்கும். திரும்பாதவருக்கு வாய்ப்பே கிடையாது.

ஸ்டார் டூர்ஸ் என்ற விண்வெளி ரைடின் வரிசையில் வேலை பார்க்கிற இரண்டு ரோபோக்களையும் கவனியுங்கள். 1974 முதல் 1988 வரை அமெரிக்கா சிங்ஸ் என்ற நிகழ்ச்சியில் விலங்கு பொம்மைகள் பாடின. அதிலிருந்த இரண்டு வாத்துகளின் இறகையும் தோலையும் உரித்து, உள்ளே இருந்த இயந்திரத்தையே ரோபோவாக நிறுத்திவிட்டார்கள். காலைப் பாருங்கள், வாத்து தெரியும். மிச்சப் பொம்மைகளில் பல 1989-ல் ஸ்பிளாஷ் மவுன்டன் என்ற ரைடுக்குப் போயின. அதுவும் 2023-ல் மூடி, இப்போது டிஸ்னி இளவரசி டியானாவின் ரைடாகிவிட்டது.

பிக் தண்டர் மலை ரயிலின் அருகே ரெயின்போ ரிட்ஜ் என்று சின்னச் சின்ன வீடுகள் கொண்ட ஊர் ஒன்று தெரியும். 1977-ல் மூடப்பட்ட பழைய சுரங்க ரயிலின் ஊர் அது. டுமாரோலேண்டு பகுதியில் தலைக்கு மேலே போகும் வெற்றுத் தடம் 1995-ல் நின்றுபோன பீப்பிள்மூவர் என்ற குட்டி வண்டியுடையது. பத்துத் தூண் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யுனிவர்சல்

ஆர்லாண்டோவிலேயே இருக்கிறது, ஒரு நாள் ஒதுக்கலாம். கிங் காங் ரைடு 2002-ல் போய், 2004-ல் மம்மி ரைடு வந்தது. அதில் தங்கப் புதையல் அறையைக் கடக்கும்போது குவியலுக்கு நடுவே ஒரு தங்கக் குரங்கு நிற்கும். எகிப்தியப் புதையலில் குரங்குக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். வண்டி வேகமாகப் போவதால் கண்ணை அகல வைத்திருங்கள். சுறா வரும் ஜாஸ் ரைடு 2012 ஜனவரியில் மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் ஹாரி பாட்டர் கதையில் வரும் டயகன் ஆலி என்ற மாயக் கடைவீதி. பழைய ரைடு நாட்களில் எல்லாரும் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்ட தொங்கும் சுறாவை சான் பிரான்சிஸ்கோ பகுதிக்கு மாற்றி வைத்திருக்கிறார்கள். இது ஒளித்து வைத்தது அல்ல, நீங்களும் படம் எடுத்துக்கொள்ளலாம்.

போக வாய்ப்பில்லாதவர்கள்

விசா கிடைக்கவில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டாம். இப்போது ஓடும் ரைடுகளின் முழு வீடியோவும் கிடைக்கிறது. டிவியில் போட்டு, ஆந்தை வீட்டுக்குள் நுழைந்ததும் நிறுத்திப் பாருங்கள். நேரில் போனவருக்கு ஒரு நொடிதான் கிடைக்கும். உங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். பேரப்பிள்ளைகள் அங்கே போகும் நாளில் போனில் வழி சொல்லலாம்: "கண்ணு, உள்ள போனதும் இடது பக்கச் சுவரப் பாரு, அப்புறம் தாத்தாவுக்குச் சொல்லு."

கடைசிப் படி: இப்போது மூடுவதைக் குறித்து வையுங்கள்

இந்தப் பட்டியல் வளர்ந்துகொண்டே இருக்கும். மேஜிக் கிங்டமில் 1971 முதல் இருந்த ஆற்றையும், டாம் சாயர் தீவையும், அதில் ஓடிய நீராவிப் படகையும் 2025 ஜூலையில் மூடிவிட்டார்கள். கார்ஸ் என்ற கார்ட்டூன் படக் கதையை வைத்து அங்கே புதிய பகுதி வருகிறது. டிஸ்னி வேர்ல்டின் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவில் மப்பெட் பொம்மைகளின் 3டி அரங்கு 2025 ஜூனோடு முடிந்தது. எப்காட்டில் டெஸ்ட் டிராக் என்ற ரைடை அதே வருடம் புதுப்பித்துத் திறந்தபோது, அந்த இடத்தில் 1996 வரை இருந்த வேர்ல்டு ஆஃப் மோஷன் என்ற பழைய ரைடை மனதில் வைத்தே செய்தார்கள்.

ஏற்கெனவே போய் வந்தவர்கள் வீட்டில் அந்தப் படகின் படமோ மப்பெட் அரங்கின் வீடியோவோ போனில் கிடக்கலாம். அழித்துவிடாமல், தேதியோடு தனியாக எடுத்து வையுங்கள். படகின் பெயர் லிபர்ட்டி பெல். கார்ஸ் பகுதி திறந்ததும் அந்தப் பெயரையோ, படகின் துடுப்புச் சக்கரத்தையோ, மூடிய வருடத்தையோ முதலில் வரிசையின் பக்கச் சுவர்களிலும், பிறகு வெளியே வரும் பாதையிலும் தேட வேண்டியதுதான்.